கவர்னர் உடைந்த கிருமி

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அய்யாவு கைபடாத கண்ணாடிச் சாமான் ஒன்றுகூட இல்லை. முப்பத்தாறு வயதில் அங்கே வந்து சேர்ந்தான். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன். பெங்களூரில் சிவாஜிநகர் பக்கம் ஒரு டீசல் கராஜில் வேலை. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. இங்கிலீஷ் எழுத்தைத் தனித்தனியாகக் காட்டினால் சொல்லிவிடுவான். சேர்த்துக் காட்டினால் முழிப்பான்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்ததே, அப்போது மூடிய கராஜை முதலாளி திரும்பத் திறக்கவில்லை. ஓசூருக்கே போய்விட்டார். இரண்டு மாதம் அய்யாவு நீலசந்திராவில் இருந்த வீட்டில் உட்கார்ந்து சம்சாரம் சந்திரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் அவன் முகம் அலுத்துப்போனது. அடுத்த சந்தில் இருந்த பியாட்ரிஸ் அக்காதான் ஒருநாள் வந்து கூப்பிட்டாள்.

"எங்க லேபுல கண்ணாடி கழுவ ஆள் வேணுமாம். வர்றியா? கை நடுங்கக் கூடாது, வாய் ஆடக் கூடாது. அவ்ளோதான் வேலை."

கோரமங்களா தாண்டி மரங்களுக்குப் பின்னால் மறைந்திருந்த கட்டடம் அது. பியாட்ரிஸ் அக்கா அங்கே நிரந்தர ஆள். அய்யாவு தற்காலிகம். குடுவை, குழாய், தட்டு எல்லாவற்றையும் கழுவ வேண்டும். பெரிய பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோகிளேவில் வைத்து அவிக்க வேண்டும். கிருமி வளர்ப்பதற்கு அகர் என்ற கூழைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்ற வேண்டும். ஊற்றினால் குமிழி வரக் கூடாது. அய்யாவுக்கு அது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. என்ஜின் ஆயில் ஊற்றிய கைக்கு அகர் ஊற்றுவது பெரிய காரியமில்லை.

கழுவிக் கொடுக்கிறோமே, அதில் என்ன வைக்கிறார்கள், எதற்கு வைக்கிறார்கள் என்று அவன் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை. கிருமி என்று தெரியும், அது போதும் என்று இருந்தான். ஆராய்ச்சி மாணவர்களில் வீணா மட்டும் ஒவ்வொரு தட்டு வாங்கும்போதும் "தேங்க்ஸ் அண்ணா" என்பாள். முதல் மாதம் கிண்டல் பண்ணுகிறாளோ என்று நினைத்தான். பிறகுதான் அந்தப் பெண்ணின் சுபாவமே அப்படி என்று புரிந்தது.

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடிற்று. 1993 அக்டோபரில் ஆயுதபூஜை வந்தது.

பெங்களூரில் ஆயுதபூஜை எந்தத் தொழிலையும் விட்டுவைப்பதில்லை. அந்த லேபிலும் மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், கிருமியைச் சுற்றி அடியில் தள்ளும் சென்ட்ரிஃப்யூஜுக்கு மாலை, ஆட்டோகிளேவ் காலடியில் எலுமிச்சம்பழம். சனிக்கிழமை பூஜை, வெள்ளிக்கிழமை சுத்தம். மைசூருக்குக் கிளம்பும் அவசரத்தில் வீணா சொல்லிவிட்டுப் போனாள்:

"அண்ணா, என் ஃப்ரிட்ஜையும் கொஞ்சம் சுத்தம் பண்ணிடுங்க. உள்ளே எல்லாம் பிசுபிசுன்னு இருக்கு."

ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் ஒரு மரப்பலகை. அதில் சுண்டுவிரல் உயரத்தில் மூடி போட்ட சின்னக் கண்ணாடிப் புட்டிகள், மொத்தம் நாற்பத்தாறு. உள்ளே பாதிக்குமேல் அகர். வெளியே கறுப்பு மார்க்கர் பேனாவில் ஏதோ எழுத்து, ஏதோ நம்பர். ஈரத்தில் பாதி வழிந்து கறையாகக் கிடந்தது.

கராஜில் ஒரு வழக்கம் உண்டு. பூஜைக்கு முந்தின நாள், சாமான் மேலும் சுவர் மேலும் இருக்கிற சாக்பீஸ் குறி அத்தனையும் துடைத்துவிட வேண்டும். பழைய எழுத்தோடு ஒரு ஸ்பேனர்கூடப் பூஜையில் உட்காரக் கூடாது. பூஜை முடிந்து கடை திறக்கும் நாளில் மேஸ்திரி புது சாக்பீஸ் எடுத்து, சாமி பெயரைச் சொல்லி, முதல் குறியைப் போடுவார். அதற்கப்புறம்தான் வேலை. அய்யாவு பதினெட்டு வருஷம் அதைச் செய்தவன். ஆகவே எழுத்தைப் பார்க்காமல் துடைத்தான் என்று சொல்ல முடியாது. பார்த்துத்தான் துடைத்தான். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒவ்வொரு புட்டியாகப் பளபளவென்று ஆக்கி, உயரம் பார்த்து வரிசையாக அடுக்கி, பலகையின் நாலு மூலையிலும் குங்குமம் வைத்தான். வேலை முடிந்ததும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கூடக் கொண்டான்.

திங்கட்கிழமை காலை வீணா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். திறந்தவள் மூடவில்லை. குளிர்காற்று வெளியே வந்துகொண்டே இருந்தது.

"அண்ணா, இதுல எழுதியிருந்தது..."

"துடைச்சிட்டேம்மா. பூஜை முடிஞ்சுதே, இன்னிக்கி நீங்க புதுசா எழுதுவீங்கன்னு..."

அவள் பலகையையே பார்த்தாள். "வரிசையும் மாத்திட்டீங்களா?"

"ஒசரத்துக்குத் தக்கன அடுக்கினேம்மா."

அவள் கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கத்தியது பியாட்ரிஸ் அக்காதான்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்கே? எழுத்தையா துடைச்சே? உன் கராஜுல இன்னா, வண்டி நம்பர் பிளேட்டையும் துடைப்பீங்களா?"

"நம்பர் பிளேட்டு பெயிண்டுக்கா. இது சாக்பீஸ் மாதிரி இருந்துச்சி" என்றான் அய்யாவு. சொல்லும்போதே தான் சொல்வது எவ்வளவு மடத்தனம் என்று அவன் காதிலேயே விழுந்தது.

லேபின் தலைவர் ஸ்ரீகண்டன் சார் வந்தார். ஒல்லியான மனிதர், கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"யார் துடைச்சது?"

"ஃப்ரிட்ஜைச் சுத்தம் பண்ணச் சொன்னது நான்தான் சார்" என்றாள் வீணா. "லேபிள் ஒட்டாம மார்க்கர்ல எழுதினதும் நான்தான்."

"நான் கேட்டது அது இல்லையே."

அய்யாவு ஒரு அடி முன்னால் வந்தான். "நான் சார்."

சார் அவனை ஒருமுறை பார்த்தார். திட்டுவார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றான். அவர் வீணா பக்கம் திரும்பினார்.

"மே மாசம் டீப் ஃப்ரீஸர் நின்னு எல்லாம் கெட்டுப்போச்சு. இந்தப் பலகையை விட்டா வேற காப்பி கிடையாது. டிசம்பரோட உன் ஃபெலோஷிப் முடியுது. அந்த ஒரு மியூட்டன்ட் கிருமி இல்லேன்னா மூணாவது அத்தியாயம் இல்லை. மூணாவது அத்தியாயம் இல்லேன்னா தீசிஸ் இல்லை. தெரியுமில்லையா?"

"தெரியும் சார். கண்டுபிடிச்சிடறோம்."

'கண்டுபிடிச்சிடறேன்' என்று அவள் சொல்லவில்லை. அந்த 'றோம்' அய்யாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. கராஜில் தப்பு நடந்தால் தப்பு செய்தவன் ஒருத்தன், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறவர்கள். இப்படி ஒருத்தர் பக்கத்தில் வந்து நின்று அவன் பார்த்ததில்லை.

அன்று மதியம் அவன் அகர் காய்ச்சும்போது வீணா பக்கத்தில் நின்று உப்பும் சர்க்கரையும் நிறுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அவன் கேட்டான்.

"அந்தப் புட்டில அப்படி இன்னாம்மா இருக்கு?"

அவள் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "பாக்டீரியாதான். அதுக்குள்ள ஒரு என்சைம். அதுக்கு ரெண்டு துண்டு. பெரிய துண்டு வேலை செய்யும். வாலின்னு ஒரு சரக்கு, அதைத் தயார் பண்றதுக்கான வேலை. சின்னத் துண்டு வேலை செய்யாது, சும்மா பார்த்துக்கிட்டே இருக்கும். சரக்கு போதும்னு ஆனதும் பெரிய துண்டைப் பிடிச்சு நிறுத்திடும்."

"நாம வெளிய இருந்து அந்தச் சரக்கைப் போட்டா?"

"அப்பவும் நிறுத்திடும். அங்கேதான் சிக்கல். அதே என்சைம்தான் ஐசோலூசின்னு இன்னொரு சரக்குக்கும் வேணும். அதுவும் நின்னுபோயிடும். அது இல்லாம இந்தப் பாக்டீரியாவால வளர முடியாது. வாலின் போட்ட தட்டுல பட்டினிதான். ஆனா என்னோடதுல அந்தச் சின்னத் துண்டைச் செய்யற ஜீன் பழுது. வாலின் எவ்வளவு கொட்டினாலும் அதுக்கு உறைக்காது, நிறுத்தாது. வளர்ந்துக்கிட்டே இருக்கும்."

அய்யாவு கரண்டியை நிறுத்திவிட்டு யோசித்தான்.

"டீசல் பம்புல கவர்னர்னு ஒண்ணு இருக்கும்மா. வண்டியை ஓட்டறது அது இல்ல. ஆனா வேகம் ஏறிச்சின்னா டீசலைக் கொறைக்கும். அது போயிடுச்சின்னு வை, என்ஜினு கத்திக்கினே ஓடும், நிக்காது. ஒங்க கிருமிக்குக் கவர்னர் ஒடைஞ்சிருக்கு."

காலையிலிருந்து முதல் முறையாக வீணா சிரித்தாள். "அஞ்சு வருஷமா ரெகுலேட்டரி சப்யூனிட், ரெகுலேட்டரி சப்யூனிட்னு எங்க அம்மாவுக்கு விளக்கிட்டிருக்கேன். கவர்னர்னு சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

பிறகு அவள் வழியைச் சொன்னாள். புட்டிகளுக்குப் புதிதாக ஒன்றிலிருந்து நாற்பத்தாறு வரை நம்பர் ஒட்ட வேண்டும், இந்தத் தடவை காகிதத்தில். ஒவ்வொன்றிலிருந்தும் துளி எடுத்து இரண்டு தட்டுகளில் வைக்க வேண்டும். ஒன்று சாதாரணத் தட்டு, இன்னொன்று வாலின் போட்ட தட்டு. அவள் நோட்டின்படி வாலின் தட்டில் ஐந்து வளர வேண்டும். அதில் நாலு ஏமாற்றுப் பேர்வழி. அவற்றின் கவர்னர் நன்றாகத்தான் இருக்கிறது. வெளியே இருக்கிற வாலின் உள்ளே வரும் வாசல் அடைத்துப்போனதால் தப்பிக்கின்றன. ஐந்தாவதுதான் அசல். அதைத் தேடிப் பிடிக்கத்தான் அவளுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

அய்யாவு தட்டு ஊற்றினான். ஒரு குமிழி இல்லை. அவித்தெடுத்த பல் குத்தும் குச்சியால் வீணா ஒவ்வொரு புட்டியின் மேல்பரப்பையும் தொட்டுத் தொட்டு வைத்தாள். உடம்புச் சூட்டில் இருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் தட்டுகள் போயின. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அய்யாவு அந்தப் பெட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தான். "அடைகாக்கற கோழி தோத்துச்சி" என்றாள் பியாட்ரிஸ் அக்கா.

வியாழக்கிழமை பார்த்தால் வாலின் தட்டில் நாலுதான் வளர்ந்திருந்தது. ஐந்து இல்லை. சாதாரணத் தட்டில் நாற்பத்து மூன்று. பதினேழு, இருபத்தெட்டு, முப்பத்தொன்று என்ற மூன்று நம்பர் இரண்டு தட்டிலுமே முளைக்கவில்லை.

"நாலுல ஒண்ணு அதுவா இருக்கலாம்" என்றாள் வீணா. ஆனால் குரலில் தெம்பில்லை.

சனிக்கிழமை அடுத்த சோதனை. கிருமியை உடைத்து உள்ளே இருக்கும் சாற்றை எடுத்துவிட்டால் அதற்கு வாசல் என்று ஒன்று கிடையாது. வாலின் நேராகக் கவர்னரிடம் போய்விடும். ஒவ்வொரு சாற்றையும் இரண்டு குழாய்களில் பிரித்து, ஒன்றில் மட்டும் வாலின் விட்டு, கடைசியில் இரண்டு மருந்து ஊற்றினால் சிவப்பு ஏறும். என்சைம் எவ்வளவு வேலை செய்ததோ அவ்வளவு சிவப்பு. கவர்னர் நன்றாக இருந்தால் வாலின் விட்ட குழாய் வெளுத்துப்போகும். உடைந்திருந்தால் இரண்டும் ஒரே சிவப்பாக நிற்கும்.

வீணா குழாய்களைத் தாங்கியில் வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். "நீங்க பார்த்துச் சொல்லுங்க அண்ணா. எனக்கு வேணும்னு தோணறது என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சிடும்."

"எனக்கு மட்டும் வேணாமா?"

"உங்களுக்கு எது வாலின் குழாய்னு தெரியாது. சொல்லுங்க."

அவன் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். முதல் ஜோடியில் ஒன்று சிவப்பு, ஒன்று வெளுப்பு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நாலாவது. பொய் சொல்லலாம் போல இருந்தது. சொல்லி என்ன பிரயோஜனம்.

"நாலும் வெளுத்துப்போச்சும்மா."

வீணா பேனாவை மூடினாள். "அப்போ அந்த மூணுல ஒண்ணு. செத்ததுல ஒண்ணு." பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "எல்லாம் ஒரே நாள் போட்டது. ஒரே ஃப்ரிட்ஜ். இந்த மூணு மட்டும் ஏன் செத்துச்சுன்னு புரியல."

அய்யாவுக்குப் புரிந்தது. பூஜைக்கு முந்தின வெள்ளிக்கிழமை துடைக்கும்போது மூன்று புட்டியின் வாயில் அகர் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. மூடியைத் திறந்து, ஸ்பிரிட் பஞ்சால் வாயைச் சுற்றி நன்றாக அழுத்தித் துடைத்து, திரும்ப மூடினான். எழுத்தைத் துடைத்ததோடு நிற்கவில்லை. உள்ளேயும் மருந்து விட்டிருக்கிறான். கிருமியைக் கொல்வதற்குத்தான் ஸ்பிரிட் என்பது அந்த லேபில் சுவருக்குக்கூடத் தெரியும். குழாய்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பஸ்ஸில் பியாட்ரிஸ் அக்காவிடம் சொன்னான். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் காதருகே வந்தாள்.

"வாயை மூடிக்கினு இரு. ஜனவரில நிரந்தர லிஸ்டு போகுது. ஒரு தப்புன்னா சார் மறந்துடுவாரு. ரெண்டாவதையும் போய்ச் சொன்னேன்னு வை, ஒன்ன லிஸ்டுல இல்ல, கேட்டுக்கு வெளியதான் தேடணும். அது எப்படியும் செத்தது செத்ததுதானே? சொன்னா எழுந்து வந்துடுமா?"

நியாயமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த நியாயத்தையே மென்றுகொண்டிருந்தான். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தபோது சந்திரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா, கறி புடிக்கலியா, என்னைப் புடிக்கலியா?"

சொன்னான். முழுவதும் கேட்டாள்.

"சொன்னா இன்னா பண்ணுவாங்க?"

"அனுப்பினாலும் அனுப்பிடுவாங்க."

"சொல்லலேன்னா?"

"அந்தப் பொண்ணு ஏன் செத்துச்சி, ஏன் செத்துச்சின்னு மண்டையை ஒடைச்சிக்கினு இருக்கும்."

"அப்பறம் எதுக்கு என்னைக் கேக்கறே? ரெண்டு மாசம் ஒன் மூஞ்சியைப் பார்த்துக்கினு இருந்தவ, இன்னும் ரெண்டு மாசம் பார்க்க மாட்டேனா? சாப்புடு."

திங்கட்கிழமை காலை வீணா பையைக் கழற்றி வைப்பதற்குள் போய் நின்றான். மூடி திறந்தது, பொருக்கு, பஞ்சு, எல்லாம் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்தான்.

அவள் திட்டவில்லை. கேள்விதான் வந்தது.

"ஸ்பிரிட்டை ஊத்தினீங்களா, தொட்டுத் துடைச்சீங்களா?"

"தொட்டுத்தான். அழுத்தினதுல ரெண்டு சொட்டு உள்ள போயிருக்கும்."

"பஞ்சு எவ்வளவு ஆழம் போச்சு? காட்டுங்க."

சுண்டுவிரல் நகத்தளவு காட்டினான். வீணா ஃப்ரிட்ஜைத் திறந்து முப்பத்தொன்றாம் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அண்ணா, நான் இதைப் போடும்போது ஊசியை அடிவரைக்கும் இறக்கித்தான் போட்டேன். அகருக்குள்ள நேரா ஒரு கோடு தெரியுது பாருங்க. அந்தக் கோடு முழுக்கப் பாக்டீரியா. போன வாரம் நான் மேலே மட்டும்தான் தொட்டு எடுத்தேன்." அவள் பேச்சு வேகமாகிவிட்டது. "மேலே இருக்கிறது செத்திருக்கும். ஃப்ரிட்ஜ் குளிர், கெட்டி அகர், ரெண்டு சொட்டு ஸ்பிரிட். அடிவரைக்கும் போயிருக்கும்னு யார் சொன்னா? நான் சும்மா செத்துப்போச்சுன்னு நினைச்சு இன்னிக்குக் குப்பைல போட்டிருப்பேன். நீங்க சொன்னதால..."

புட்டியைத் தலைகீழாகப் பிடித்தாள். "கண்ணாடியை அடிப்பக்கமா உடைக்கணும். தூள் ஆகாம."

அது அய்யாவின் வேலை. அரத்தால் புட்டியின் அடியைச் சுற்றிக் கீறி, நெருப்பில் காட்டி, துணியில் பிடித்து ஒரு திருகு. சத்தமே இல்லாமல் அடி தனியாக வந்தது. மூன்றும் அப்படியே வந்தன. வீணா அடி அகரை நறுக்கி மூன்று குடுவைச் சத்துநீரில் போட்டாள். மேல்பாதியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று குடுவையும் குடிதண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தன. புதன்கிழமை காலை அய்யாவு வந்தபோது வீணா இன்னும் வரவில்லை, பியாட்ரிஸ் அக்கா குடுவை முன் நின்றுகொண்டிருந்தாள்.

"அய்யாவு, இங்க வா. எனக்குக் கண்ணு மங்கிச்சா, இல்ல இது கலங்கியிருக்கா?"

பதினேழும் முப்பத்தொன்றும் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தன. இருபத்தெட்டு கடைசிவரை தெளிவாகவே நின்றது. அது என்னவாக இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கலங்கிய இரண்டையும் வாலின் தட்டில் வைத்ததில் முப்பத்தொன்று வளர்ந்தது, பதினேழு வளரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி குழாய், மறுபடி மருந்து. வீணா முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இந்தத் தடவை முப்பத்தொன்றோடு சாதாரணப் புட்டிகள் மூன்றையும் வாசல் அடைத்த நாலையும் சேர்த்திருந்தாள். எட்டு ஜோடி. எது எந்தப் புட்டி என்று தெரியாமல் இருக்க ஜோடிகளை பியாட்ரிஸ் அக்காதான் கலைத்து அடுக்கினாள், கூடவே ஒரு ஜெபமும் சொன்னாள்.

"ஒண்ணாவது?"

"வெளுத்துச்சி."

"ரெண்டாவது?"

"வெளுத்துச்சி." மூன்றும் வெளுப்பு, நாலும் வெளுப்பு. ஐந்தாவது ஜோடியில் அவன் நின்றுவிட்டான்.

"என்ன அண்ணா?"

"எது எதுன்னு தெரியலம்மா. ரெண்டும் ஒரே செவப்பு."

"ஜன்னல் பக்கம் போய்ப் பாருங்க."

"ஜன்னல்லதாம்மா நிக்கறேன்."

அவள் திரும்பவில்லை. "மீதி மூணையும் சொல்லுங்க." மீதி மூன்றும் வெளுப்பு. அதற்கப்புறம்தான் திரும்பினாள். நிறத்தை அளக்கும் மெஷினில் ஐந்தாவது ஜோடியை வைத்தாள். வாலின் இல்லாமல் வந்த எண்ணும் வாலினோடு வந்த எண்ணும் ஏறக்குறைய ஒன்று. பழைய நோட்டைப் புரட்டி, முதன்முதலாக அந்தக் கிருமியைப் பிடித்த வாரத்தின் பக்கத்தில் விரலை வைத்தாள். அங்கேயும் அதே எண்கள்தான். பிறகு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"இன்னாடா, பொண்ணை அழ வெச்சிட்டியா மறுபடியும்?" என்றாள் பியாட்ரிஸ் அக்கா. அவள் கண்ணும் சரியாக இல்லை. அய்யாவு டீ கொண்டுவரப் போனான். மூன்று டம்ளர் என்று கேட்டான், பிறகு ஸ்ரீகண்டன் சாரை நினைத்து நாலு என்றான்.

டிசம்பர் கடைசி வாரத்தில் வீணா தீசிஸைக் கொடுத்தாள். சின்னத் துண்டின் ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்ததாம். அவ்வளவு பெரிய கதைக்கு ஒரு எழுத்து. அய்யாவு பெயர் ஜனவரி லிஸ்டில் போயிற்று. சார்தான் எழுதினார். இரண்டாவது தப்பு அவருக்கும் தெரியும், வீணா மறைக்கவில்லை. "சொன்னானில்லையா, அது போதும்" என்றாராம்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து அலெக்சாண்டர் என்ற பேராசிரியர் வந்திருந்தார். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்பதால் வீணா அய்யாவு, பியாட்ரிஸ் அக்கா இருவரையும் கூப்பிட்டிருந்தாள். பியாட்ரிஸ் அக்கா பட்டுச்சேலை கட்டி வந்தாள். அய்யாவு கடைசி வரிசையில் கதவுப் பக்கம் உட்கார்ந்தான். பாதி இங்கிலீஷ் புரியவில்லை. ஆனால் அலெக்சாண்டர் சார் மூன்றாவது அத்தியாயத்தைத் திறந்து, கண்ணாடியைக் கழற்றிக் கேட்டது மட்டும் புரிந்தது, ஏனென்றால் அவன் பத்து மாதமாக அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தான். இந்தக் கிருமி நீ முதலில் பிடித்ததுதான் என்று உனக்கு எப்படி நிச்சயம்?

வீணா சுற்றி வளைக்கவில்லை. எங்கள் லேபில் ஆயுதபூஜையை நன்றாகக் கொண்டாடுவோம் சார், என்று ஆரம்பித்தாள். கூடம் சிரித்தது. நாற்பத்தாறு புட்டியும் பெயர் இழந்ததை, எட்டு ஜோடியைக் கலைத்து வைத்ததை, எது எதுவென்று தெரியாத ஒருவர் நிறம் பார்த்துச் சொன்னதை, பழைய எண்ணோடு புது எண் பொருந்தியதைச் சொன்னாள். இந்தப் புட்டி உயிரோடு இருக்கலாம் என்று தெரிந்தது எப்படி என்றும் சொன்னாள். அப்போது அவள் கை கடைசி வரிசையைக் காட்டியது. எல்லாத் தலையும் திரும்பின. அய்யாவுக்குக் காது சுட்டது.

அலெக்சாண்டர் சார் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்த மாணவன் குனிந்து தமிழில் சொன்னான்: "உன் தீசிஸ்ல நீ உன்னையே ஏமாத்திக்க முடியாத ஒரே சோதனை இதுதான்ங்கறார். ரொம்பப் பாராட்டறார்."

எல்லாம் முடிந்து டீ கொடுக்கும்போது அலெக்சாண்டர் சார் அவனிடம் தமிழிலேயே பேசினார்.

"நீங்கதானே அது? ரெண்டாவது விஷயத்தை எதுக்குச் சொன்னீங்க? யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"எனக்குத் தெரியுமே சார். அந்தப் பொண்ணு 'கண்டுபிடிச்சிடறோம்'னு என்னையும் சேர்த்துச் சொல்லிச்சி. சேர்ந்துட்ட பிறகு பாதியை மறைச்சா எப்படி?"

அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு டீ கேட்டார்.

வீணா அமெரிக்கா போய், திரும்பி வந்து, இப்போது புனேயில் வேறு லேபில் இருக்கிறாள். முப்பத்தொன்றாம் நம்பர் நாட்டில் பன்னிரண்டு லேபுக்குப் போயிருக்கிறது. 2004 வரைக்கும் கேட்டுக் கடிதம் வந்துகொண்டுதான் இருந்தது. அனுப்ப வேண்டிய புட்டியைத் தயார் பண்ணுவது, மாணவர்கள் எத்தனை பேர் வந்தாலும், அய்யாவுதான். காகிதம் ஒட்டி, அதன்மேல் மெழுகு பூசி, ஊசியை அகரின் அடிவரைக்கும் இறக்குவான்.

புனேவுக்கு ஒரு புட்டி போன தடவை, பெட்டிக்குள் தன் கையால் தமிழில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்தான். "வீணாம்மா, கவர்னர் இல்லாமல் நல்லபடி இருக்கிறது. உங்கள் புண்ணியத்தில் நாங்களும் இருக்கிறோம்." பதில் நாலாம் நாள் வந்தது. அதை இங்கே எழுதுவதற்கில்லை. சந்திரம்மா வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.